ஒன்பது பேராய் நின்று தோற்காத அமெரிக்கா: மொன்றியலில் ஒரு கராஜ் வாசலில் பார்த்த ஆட்டம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம், ஜேர்மனியில் உலகக்கிண்ண உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம், நான் நியூ ஜேர்சியிலிருந்து மொன்றியலுக்கு பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். வெள்ளி காலை போய் ஞாயிறு பின்னேரம் திரும்பினேன். இந்தப் பாதையில் பஸ்ஸில் போக யோசிக்கிற ஆட்களுக்கு உதவும், எழுதுங்கோ என்று என் மகள் சொன்னாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தாளில் எழுதிக் கொடுக்கிறேன், அவள் கணினியில் ஏற்றுகிறாள்.

என்ன அலுவலாகப் போனேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். என் கணவர் அந்தோனி அந்த வருடம் பெப்ரவரியில் நெஞ்சு வலியில் போய்விட்டார். அவருடைய ஒரே தம்பி நேசன் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில், மனைவி ரஞ்சியோடு இருக்கிறான். அவனுக்கு இன்னும் கனடாவில் காட், நிரந்தரமாய் இருக்கிறதுக்கான அட்டை, கிடைக்கவில்லை. அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் வந்தால் திரும்பிப் போக ஏலாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதனால் அண்ணனுடைய அடக்கத்துக்கு அவன் வரவில்லை. பூசையை மகளுடைய செல்போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கோயிலிலிருந்து சேமக்காலைக்குப் போகிற வழியில் அந்த இணைப்பும் அறுந்துவிட்டது. குழிக்குள் இறக்கினதை அவன் கேட்கவில்லை.

ஜூன் பிறந்ததும் ரஞ்சி போன் எடுத்தாள்.

"அக்கா, இவர் உலகக்கிண்ணம் பாக்கமாட்டன் எண்டு நிக்கிறார். ரீவியைத் துணியாலை மூடி வைச்சிருக்கிறார். வேலைக்குப் போறார், வாறார், படுக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு."

வேறு யாரும் என்றால், பந்து பார்க்காவிட்டால் என்ன குறைந்துபோச்சு என்று விட்டிருப்பேன். நேசன் பார்க்காமல் இருக்கிறது என்பது சாப்பிடாமல் இருக்கிற மாதிரி.

ஆறு வருடமாக அந்த அண்ணனும் தம்பியும் எந்த ஆட்டத்தையும் தனியாகப் பார்த்ததில்லை. இவர், என் மனுசன், நியூ ஜேர்சியில் எங்கள் சோபாவில் இருப்பார், அவன் மொன்றியலில் அவனுடைய சோபாவில் இருப்பான். ரெலிபோனை இரண்டு பேரும் காதில் வைத்தபடி ஆட்டம் முடியுமட்டும் இருப்பார்கள். ஒரு ஆட்டத்துக்குக் கடையில் வாங்கின போன் காட் ஒன்று முழுக்க முடியும். பாதி நேரம் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். அங்கத்தைய ரீவிச் சத்தம் இங்கே கேட்கும், இங்கத்தையது அங்கே கேட்கும், அது காணும். மொன்றியலில் படம் ஒரு மூச்சு முந்தி வரும். நேசன் மூச்சை இழுக்கிற சத்தத்திலேயே கோல் வரப்போகுது என்று இவருக்கு விளங்கிவிடும். "சொல்லாதையடா" என்று கத்துவார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் முழுக்க அப்படி ரெலிபோனின் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பழகியதுதான்.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு ரீம் இருக்கும், உலகக்கிண்ணம் என்றால் எல்லாரும் பிரேசில். நேசனும் பிரேசில். இவர் மட்டும் அமெரிக்கா. தன்னை ஏற்றுக்கொண்ட நாடு, தான் கை உயர்த்திச் சத்தியம் செய்த நாடு, அது பந்தடித்தால் நான்தானே பார்க்கவேணும் என்பார். நேசன் விடாமல் நக்கலடிப்பான். இவர் வேலை செய்த பெற்றோல் செட்டில் எக்வடோர்க்காரர், போர்த்துக்கீசர், மெக்சிக்கோக்காரர் எல்லாரும் உதைபந்தாட்டப் பைத்தியங்கள். ஆனால் ஒருவரும் அமெரிக்காவுக்குக் கைதட்டமாட்டார்கள், தங்கள் தங்கள் நாட்டுக்குத்தான். எங்கள் தெருவில் கொடி கட்டி வைத்திருக்கிற வெள்ளைக்காரர்களுக்கோ உலகக்கிண்ணம் நடக்கிறதே தெரியாது. இந்த நாட்டில் பந்தை நேசிக்கிறவர்கள் வேறு நாட்டை நேசிக்கிறார்கள், நாட்டை நேசிக்கிறவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து நேசித்தது நான் அறிய என் மனுசன் ஒருவர்தான்.

ஜூன் பதினேழு, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் ஆட்டம். டிசம்பரில் குலுக்கல் நடந்த உடனேயே இவர் கலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டார். அந்த மூன்று மணிக்கு இரண்டு வீட்டிலும் ரெலிபோன் அடிக்காமல் கிடக்கப்போகிறது. அதை நினைக்க ஏலாமல்தான் ரிக்கெற் எடுத்தேன். நேசனை எப்படியாவது அந்த ஆட்டத்துக்கு முன்னால் இருத்தவேணும், அவ்வளவுதான் என் யோசனை.

நியூயோர்க் பஸ் நிலையத்திலிருந்து மொன்றியல் ஏறக்குறைய முந்நூற்றெழுபது மைல், கிலோமீற்றரில் அறுநூறு. போக வர ரிக்கெற் நூற்றிப் பத்து டொலர். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்ச் சேரும், அதில் எல்லையில் ஒரு மணித்தியாலம் போய்விடும். இடப்பக்கம் இருங்கோ. அல்பனி வரைக்கும் காலை வெயில் வலப்பக்கம்தான் அதிகம் அடிக்கிறது, மலைகளும் எனக்கு இடப்பக்கம்தான் வடிவாகத் தெரிந்தன.

வழியெல்லாம் உதைபந்தாட்ட மைதானங்கள். சின்ன ஊர் என்றாலும் பச்சைப் பசேலென்று புல், வெள்ளைக் கோடு, வலை கட்டின கோல். ஒரு பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட நாள் என்று முதலில் நினைத்தேன். திரும்பி வந்த ஞாயிறும் அப்படித்தான் கிடந்தன. இவர் இதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் ஊர்ப் பூங்காவில் எக்வடோர்க்காரரோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் விளையாடுவார். ஒரு நாள் மைதானத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அனுமதி எடுத்த பிள்ளைகள் கழகத்துக்கு மட்டும்தானாம். பிள்ளைகள் கிழமையில் இரண்டு தரம், அம்மாமாரின் வான் வண்டியில் வருவார்கள், பணம் கட்டி, சப்பாத்து, காலுறை எல்லாம் போட்டு. ஒரு மணித்தியாலம் பெரியவர்கள் சொல்கிற இடத்தில் நின்று ஓடுவார்கள். முடிந்ததும் பந்துகளைப் பையில் போட்டுக் கட்டிக் காரில் ஏற்றிவிடுவார்கள். "பந்து பிள்ளையளோடை வீட்டை போறேல்லை, அதுதான் இந்த நாட்டின்ர வருத்தம்" என்று இவர் நேசனுக்குச் சொன்னது எனக்கு இப்பவும் கேட்கிறது. கட்டுகிறதற்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் சங்கிலிக்கு வெளியில்தான். ஓட்டமும் உயரமும் உள்ளவர்களைக் கூடைப்பந்தும், கையால் விளையாடுகிற அவர்களுடைய சொந்தப் 'புட்போலும்' கொண்டுபோய்விடும். ஆனால் பெண்பிள்ளைகள் உலகக்கிண்ணம் எடுத்தார்களே என்று நான் ஒருக்கால் கேட்டேன். "அதுகளுக்கு மற்ற நாட்டிலை ஒருத்தரும் பந்து குடுக்கேல்லை. இஞ்சை குடுத்தினம். குடுத்தால் வரும்" என்றார்.

அல்பனிக்கு அங்கால் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். சாரதி நல்ல உயரமான கறுத்த மனுசன், வயது ஐம்பது இருக்கும். என் பையை இறக்கித் தந்தார். விடுமுறைக்கா போறீங்கள் என்று கேட்டார். உதைபந்தாட்டம் பார்க்க என்றேன். சிரித்தார்.

"என் மகளும் விளையாடுறாள். நான்தான் கூட்டிக்கொண்டு போறது. கொண்டுபோய் விட்டிட்டு வானுக்குள்ளை நித்திரை கொள்ளுவன்."

"ஏன் பாக்கிறேல்லை?"

"நான் சின்னனிலை விளையாடேல்லை. என் அப்பாவும் இல்லை. எங்கை கைதட்டவேணும் எண்டே எனக்குத் தெரியாது, அம்மா. பிழையான இடத்திலை தட்டினால் மகளுக்கு வெக்கம்."

இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்கு அமெரிக்கா ஏன் இந்த விளையாட்டோடு ஒட்டவில்லை என்று சொன்னதில்லை. நான் திரும்ப ஏறும்போது அந்த மனுசன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நல்லாயிருக்கட்டும்.

எல்லையில் எல்லாரும் பையோடு இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். கடவுச்சீட்டை கையில் வைத்திருங்கோ, பைக்குள் தேடினால் பின்னுக்கு நிற்கிறவர்கள் முறைப்பார்கள். என்னை விசாரித்தது பிரெஞ்சுச் சாயலில் ஆங்கிலம் பேசுகிற ஒரு பிள்ளை. ஏன் வாறீங்கள் என்று கேட்டாள். நாளைக்கு அமெரிக்கா இத்தாலி ஆட்டம் பார்க்க என்றேன்.

"அது ஜேர்மனியில் அல்லவா நடக்குது?"

"ஓம். ரீவியில் பாக்கத்தான்."

"உங்கள் வீட்டில் ரீவி இல்லையா?"

"ரீவி இருக்கு, பிள்ளை. பக்கத்தில் இருந்து பாக்க ஆள் இல்லை."

என் கறுப்புச் சட்டையை ஒருக்கால் பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள். நான் வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ. மூடியைத் திறந்து மணந்து பார்த்துத் தும்மினாள். தும்மிக்கொண்டே முத்திரை குத்தினாள். தூள் கொண்டுபோகிறவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் மூடியை அவர்கள்தான் திறக்கவேணும்.

பாலம் தாண்டி நகரத்துக்குள் பஸ் வந்ததும் நான் வேறு உலகத்துக்கு வந்துவிட்டேன். போகிற காரில் எல்லாம் கொடி. போர்த்துக்கல், இத்தாலி, பிரான்ஸ், பிரேசில், எனக்குத் தெரியாத கொடிகளும். கனடா இந்தக் கிண்ணத்தில் விளையாடவே இல்லை, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்குக் கீழேயே மெத்ரோ. இரண்டரை டொலர் ரிக்கெற், செம்மஞ்சள் வழியில் ஏறி ஜோன்-தலோனில் இறங்கி, நீல வழிக்கு மாறி, கடைசி நிலையம் செயின்ட்-மிஷேல். மாறுகிற இடத்தில் கேட்டால் காட்டிவிடுவார்கள். 'பொன்ஜூர்' என்று தொடங்குங்கோ, பிறகு ஆங்கிலத்தில் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ரஞ்சி நிலைய வாசலில் நின்றாள். வீட்டுக்கு நடக்கிற வழியில், வீடுகளுக்குப் பின்னால் போகிற ஒடுங்கின ஒழுங்கையில் கொஞ்சப் பிள்ளைகள் ஒரு கராஜ் கதவையே கோலாக்கிப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் இல்லை, அம்மாமார் இல்லை, ஒருவனுக்குச் சப்பாத்தும் இல்லை. வயதான இத்தாலிக்காரர் ஒருவர் தக்காளிக் கன்றுகளுக்கு முன்னால் நின்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வீட்டுக்காரர், மிஸ்யே பிப்போ; பிரெஞ்சில் ஐயா என்கிறதுக்கு மிஸ்யே. அவர் கீழே, நேசன் குடும்பம் மேலே.

நேசன் வேலையால் வந்தான். நன்றாக மெலிந்துவிட்டான். "வாங்கோ மச்சாள்" என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்சாதியை அப்படித்தான் கூப்பிடுகிறது. பயணம் எப்படி என்று கேட்டான், பிள்ளை எப்படி என்று கேட்டான். நாளைய ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரீவியை வெள்ளைத் துணியால் மூடி, அதன்மேல் மாதா சொரூபமும் இவருடைய படமும் வைத்து, முன்னால் ஒரு மெழுகுதிரி. ரீவியைப் போடுவதென்றால் அண்ணனைத் தூக்கித்தான் போடவேணும்.

பிட்டும் மீன்குழம்பும் சாப்பிடும்போது நான் நேரே கேட்டேன்.

"தம்பி, செத்த வீட்டிலை முப்பத்தொண்டாம் நாள் மட்டும் ரீவி போடுறேல்லைத்தான். நாலு மாசமாச்சு. நீர் ஏன் இன்னும் மூடி வைச்சிருக்கிறீர்?"

பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"மச்சாள், நீங்கள் மண் போட்டனீங்கள். அண்டையிலை இருந்து நீங்கள் எண்ணிக்கொண்டு வந்தியள், முப்பத்தொண்டு வந்தது. நான் மண் போடேல்லை. எனக்கு எந்த நாளிலை இருந்து எண்ணுறது?"

ரஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொன்னது பிழை என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் கேள்வியிலேயே செய்யவேண்டிய வேலையும் இருந்தது என்று பாத்திரம் கழுவும்போது எனக்குப் பட்டது. எண்ணி முடியாவிட்டால், முடித்து வைக்கவேணும். முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் பூசை வைப்போம், ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவோம். அதோடு துக்கம் காக்கிறது முடிந்தது, வீடு பழையபடி வீடு. அது இந்த வீட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான் குறை. தமிழ்ப் பூசை வைக்கிற பாதரின் இலக்கத்தை ரஞ்சியிடம் வாங்கிப் போன் எடுத்தேன்.

"நாலு மாதம் கழித்து முப்பத்தோராம் நாளோ, அம்மா?" என்றார் பாதர்.

"துக்கம் காக்கிறவருக்கு நாளைக்குத்தான் பாதர் முப்பத்தொண்டு."

"சரி. காலமை ஒன்பது மணிக்கு வாங்கோ. சாப்பாட்டையும் மூண்டு மணிக்கு முன்னம் முடிச்சால் நல்லது, எனக்கும் மட்ச் இருக்கு" என்றார்.

அடுத்த நாள் பூசையில் நாங்கள் மூன்று பேரும், அக்கம் பக்கத்துச் சனம் பத்துப் பேரும். பாதர் இவருடைய பெயரை இரண்டு தரம் சொன்னார், அந்தோனி, அந்தோனி என்று. நேசன் முழங்காலில் இருந்தவன் எழும்பவே இல்லை. வெளியில் வந்தால் தெருவெல்லாம் கார்கள் கோன் அடிக்கிற சத்தம். போர்த்துக்கல் ஈரானை வென்றுவிட்டதாம். ஒரு பெரிய அம்மா கார் யன்னலால் வெளியே எட்டிச் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு போனாள். நேசன் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் கண்டும் காணாதது மாதிரி நடந்தேன்.

ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வடை எல்லாம் நானும் ரஞ்சியும் சமைத்தோம், நான் கொண்டுபோன தூளில். மிஸ்யே பிப்போவையும் கூப்பிடச் சொன்னேன். வீட்டில் வடித்த வைன் போத்தலோடு வந்தார். முதல் வாயிலேயே கண் இரண்டும் ஒழுகியது, ஆனாலும் சோற்றுக் கோப்பையை வழித்து முடித்தார். பிறகு மூடின ரீவியையும் படத்தையும் பார்த்துவிட்டு, நேசனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ரஞ்சி எனக்கு மெல்லமாய்ச் சொல்லித் தந்தாள்.

"உன்ர அண்ணனோடை நீ போனிலை கத்துற கத்துக்கு நான் கீழை இருந்து வீடு கூட்டுற தும்புத்தடியாலை கூரையிலை இடிக்கிறனான் எல்லே. நாலு மாசமா இடிக்க வேலை இல்லை. கூரையிலை சிலந்தி வலை கட்டியிருக்கு எண்டு சொல்லுறார் அக்கா."

நேசன் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் தண்ணியைக் குடித்தான். மிஸ்யே பிப்போ எழும்பி, மூன்று மணிக்குக் கராஜில் ரீவி, நாற்காலி போட்டிருக்கிறேன், அமெரிக்கக்காரியையும் கூட்டிக்கொண்டு வா, தோற்கிறதைப் பார்க்கட்டும் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

"அஞ்சு நிமிசம் மட்டும் வாறன் மச்சாள். அவர் கோவிப்பார்" என்றான் நேசன்.

கராஜ் கதவைத் திறந்து, நீட்டு வயரில் ரீவி. மிஸ்யே பிப்போவின் சொந்தக்காரர் ஏழெட்டுப் பேர் நீலச் சட்டையில். நானும் ரஞ்சியும் உள்ளே நாற்காலியில், நேசன் வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தான், எழும்பிப் போக வசதியாய்.

இத்தாலி முதலில் கோல் போட்டது. கராஜ் அதிர்ந்தது. நேசன் அசையவில்லை. ஐந்து நிமிடம் கழிந்திருக்கும், அமெரிக்கா பந்தை உள்ளே அடிக்க, இத்தாலிக்காரன் ஒருவன் அதைத் தடுக்கப் போய்த் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டான். நீலச் சட்டைக்காரர் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அந்த அமைதிக்குள் நேசனுடைய குரல் வந்தது, சாதாரணமாகக் கதைக்கிற குரல்.

"அண்ணை, உங்கட ஆக்களுக்குக் கோல் போடவும் இத்தாலிக்காரன்தான் வரவேண்டிக் கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். அவனுடைய வலக் கை காதடியில் இருந்தது, ரெலிபோன் பிடிக்கிற மாதிரி. அவனே அதைக் கண்டு கையைக் கீழே போட்டான். முகம் ஒரு மாதிரிப் போனது. எழும்பப் போகிறான் என்று நினைத்தேன்.

இவர் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாய் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டவள் நான். நேசன் நக்கலடித்தால் இவர் எப்பவும் சொல்வது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டேன்.

"பொறடா. இன்னும் நேரம் கிடக்கு."

அவனை நான் ஒரு நாளும் 'டா' போட்டுக் கதைத்ததில்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உதைபந்தாட்டம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இத்தாலிக்காரன் ஒருவன் முழங்கையால் அமெரிக்கக்காரனின் முகத்தை உடைத்துச் சிவப்பு அட்டை வாங்கினான். இடைவேளைக்கு முன்னம் அமெரிக்கக்காரன் ஒருவனுக்குச் சிவப்பு, இடைவேளை முடிந்து வந்த கையோடு இன்னொருவனுக்கும். பத்துப் பேருக்கு எதிராய் ஒன்பது பேர். கராஜில் எல்லாரும் கை உரசினார்கள்.

"அண்ணை, இண்டைக்கு அஞ்சு வாங்குவியள்" என்றான் நேசன்.

"ஓடுறாங்கள் பார். ஓட்டம் இருக்கு அவங்களிட்டை" என்றேன். அதுவும் இவருடையதுதான்.

"ஓடி என்ன, பந்தை என்ன செய்யிறது எண்டு தெரியாதே."

"ஒழுங்கையிலை விளையாடாத பிள்ளையள், மெல்ல மெல்லத்தான் பழகுவாங்கள்."

இப்படியே போனது. என் வீட்டில் நான் கேட்ட பாதியும், இந்த வீட்டில் ரஞ்சி கேட்ட பாதியும் ஒரு கராஜில் ஒட்டிக்கொண்டன. ரஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தானா அக்கா இவ்வளவு காலமும் போன் காட் வாங்கினவை" என்றாள். அமெரிக்கா ஒரு கோல் போட்டது, ரெபரி செல்லாது என்றுவிட்டார். நேசன் பெட்டியை உதைத்துத் தள்ளினான், பிரேசில்காரன் நேசன். கடைசி நிமிடங்களில் நான் செபமாலையை எடுத்துவிட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று. ஒன்பது பேராய் நின்று தோற்கவில்லை.

நீலச் சட்டைகள் எல்லாம் செத்த வீடு மாதிரி இருந்தன. மிஸ்யே பிப்போ மட்டும் எழும்பி வந்து என் கையைக் குலுக்கினார். இன்றைக்கு உங்கள் ஊரில் சனம் தெருவுக்கு வருமா என்று கேட்டார். இல்லை, அவர்களுக்குத் தெரியவே வராது என்றேன். அவரால் அதை நம்ப முடியவில்லை. தோட்டத்தில் ஒரு பை நிறைய இலைக்கோசு பிடுங்கித் தந்தார், அமெரிக்காவுக்குப் பரிசாம். அன்று பின்னேரம் நேசன் ரீவியிலிருந்து படத்தையும் மாதாவையும் எடுத்து, பக்கத்துச் சுவரில் பலகை அடித்து வைத்தான். துணியை மடித்து ரஞ்சியிடம் கொடுத்தான்.

ஞாயிறு காலை பஸ் ஏறினேன். திங்கட்கிழமை வேலை. நான் சம்பளத்துக்குப் பராமரிக்கிற வெள்ளைக்கார அம்மாவுக்கு எண்பத்தேழு வயது, நல்ல மனுசி. எங்கே போனாய் என்று கேட்டாள், சொன்னேன். யார் வென்றது என்றாள். ஒருவரும் வெல்லவில்லை, சமன் என்றேன்.

"பிறகேன் விளையாடினார்கள்?"

பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். எனக்கு அந்தச் சாரதியும் இந்த அம்மாவும் காணும். தோற்காமல் நிற்கிறதும் ஒரு வெற்றி என்பது இங்கே ஒருவருக்கும் பழக்கமில்லை. பெப்ரவரிக்குப் பிறகு எனக்கு அது நன்றாகப் பழக்கம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அமெரிக்காவுக்குக் கானாவோடு ஆட்டம். அந்த அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது.

"மச்சாள், ரீவியைப் போடுங்கோ."

போட்டேன். ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கஞ்சியும் ஊட்டினேன். அமெரிக்கா இரண்டுக்கு ஒன்று தோற்று வீட்டுக்குப் போனது. ஒரு மூச்சு முந்தி நேசன் இழுத்த மூச்சிலேயே எனக்குக் கோல் எல்லாம் தெரிந்தது, "சொல்லாதையடா" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இத்தாலிதான் கிண்ணத்தை எடுத்தது. அவர்கள் வெல்லாமல் வெளிக்கிட்ட ஆட்டம் அமெரிக்காவோடு மட்டும்தான் என்று நேசன் இப்போது மிஸ்யே பிப்போவை வாராவாரம் வம்புக்கு இழுக்கிறானாம். தும்புத்தடிக்குத் திரும்பவும் வேலை.

போகிறவர்களுக்குச் சில விசயம். வெள்ளிக் காலை பஸ்ஸில் சனம் குறைவு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, நிறுத்துகிற இடங்களில் உப்புச் சப்பில்லை. ஜூன் என்றாலும் பஸ்ஸுக்குள் குளிர், ஒரு சால்வை வேணும். மொன்றியலில் ஆட்டம் பார்க்கக் கடை தேடி அலையவேண்டாம், செயின்ட்-மிஷேலில் எந்த ஒழுங்கையிலும் திறந்த கராஜ் ஒன்று இருக்கும், வாசலில் நின்றால் நாற்காலி போடுவார்கள். அங்கே உங்கள் ஆட்கள் யாராவது காட் இல்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு இருந்தால், அவர்கள் வருவார்கள் என்று பார்த்திருக்காதேங்கோ. எட்டரை மணித்தியாலம்தான், நீங்கள் போங்கோ.

போக ஏலாவிட்டால் ஒரு போன் காட் வாங்குங்கோ. மற்றப் பக்கம் ஒன்றும் கதைக்காவிட்டாலும் வைத்துவிடாதேங்கோ.